ரோஸ்மேரியின் அரை மணி நேரம்

ரோஸ்மேரியின் மேல் மீன் வாசனை அடிக்கவில்லை என்பதை எங்கள் சந்தில் முதலில் மோப்பம் பிடித்தவள் நான்தான். நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. கறிக்கடைத் தராசை நம்ப மாட்டேன், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரை நம்ப மாட்டேன், "இடுப்பு முப்பத்திரண்டுதான்க்கா" என்று சொல்லிக்கொண்டு வருகிற எந்தப் பெண்ணையும் டேப்பைச் சுற்றிப் பார்க்காமல் நம்பியதில்லை. என் பெயர் பதுருன்னிசா. கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் சந்தின் முனையில் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். மிஷினில் உட்கார்ந்தால் சந்துக்குள் போகிற வருகிற ஒரு தலையும் என் கண்ணுக்குத் தப்பாது.

ரோஸ்மேரி காசிமேட்டில் மீன் வெட்டுகிறவள். மீன் வாங்கியவர்கள் அதை அங்கேயே கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கிப் போவார்கள் இல்லையா, அதற்காக அருவாமனை போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி. நாற்பதைத் தாண்டியவள். புருஷன் இஞ்ஞாசி லாஞ்சி ஓட்டுகிறவன், கடலுக்குப் போனால் திரும்பி வர பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். ஒரே மகள் ஷெர்லின் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். விடிவதற்கு முன் போகிற ரோஸ்மேரி வெயில் ஏறும்போது திரும்பி வருவாள். முழங்கை வரை செதில் ஒட்டியிருக்கும். பின்னாலேயே மூன்று நான்கு பூனைகள் மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிற மருமகன்கள் மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு வரும். அவள் வருகிறாள் என்பதை மூக்கே சொல்லிவிடும், தலை நிமிர்த்திப் பார்க்கவே வேண்டாம்.

போன ஆனி மாதத்தில் ஒருநாள் அவள் என் கடையைத் தாண்டிப் போனாள். என் மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. பூனை ஒன்றைக்கூடக் காணோம். கூந்தல் நுனியில் ஈரம் சொட்டியது. மாற்றுப் புடவை கட்டியிருந்தாள். அவள் போன பிறகு சந்தன சோப்பு வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. வீட்டுக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக் குளிக்க வேண்டியவள் வழியிலேயே எங்கே குளித்தாள்? யார் வீட்டில் குளித்தாள்? அன்றைக்கு நான் வைத்த கொக்கி அத்தனையும் கோணல்.

மறுநாளும் சோப்பு வாசனை. அதற்கு மறுநாளும். இந்தச் சந்தில் ஒரு பெண்ணைப் பற்றிய சேதி நான் சொல்லித்தான் பரவ வேண்டும் என்பதில்லை, எல்லோருக்கும் மூக்கு இருக்கிறது. முக்கியமாக இஞ்ஞாசியின் தங்கை செசிலிக்கு. எதிர்வீட்டிலேயே குடியிருக்கிறாள். அண்ணன் கடலுக்குப் போனால் அண்ணியைக் காவல் காப்பது தன் பொறுப்பு என்று அவளாகவே எடுத்துக்கொண்டவள். துணி எடுக்க வருகிற சாக்கில் என் கடைக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"யக்கா, அண்ணி மேல சோப்பு வாசன வருதே, கவனிச்சியா?"

"இல்லியே" என்றேன். தெரிந்ததை உடனே ஒப்புக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"ஐஸ் கம்பெனி சூப்பர்வைசர் ஒருத்தன் கீறானாம். குளிக்கிற ரூமு வச்சிருக்கானாம்."

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா? நாளெல்லாம் மீன் வெட்டிட்டு ஒரு பொம்பள மணக்க மணக்க வரான்னா இன்னா அர்த்தம்?"

செசிலி போன பிறகு எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது, வந்ததும் எரிச்சலும் வந்தது. மாசி மாதத்தில் இஞ்ஞாசியின் லாஞ்சி கரைக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் அவன் வீட்டுக்கு வந்தான். மேலே அத்தர் வாசனை தூக்கியது. கேட்டதற்கு, "தோஸ்து வூட்டுக் கல்யாணம்" என்றான். நோன்பு நேரத்தில் எந்த தோஸ்து வீட்டில் கல்யாணம் என்று எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் ரஷீதிடம் சொன்னபோது, "ஆம்பள, பத்து நாள் கடல்ல கெடந்துட்டு வரான், எங்கனா போயிருப்பான். உனக்கு இன்னாத்துக்கு?" என்றார். செசிலியும் அதையேதான் சொன்னாள். சந்தில் ஒரு மூக்கும் அன்றைக்கு வேலை செய்யவில்லை. அத்தர் வாசனை ரோஸ்மேரி தலையணையில் ஒரு வாரம் இருந்திருக்கும்.

சரி, அவன் யோக்கியதை அப்படி. அதனால் இவள் யோக்கியமாகிவிடுவாளா? அதையும் நான் நம்பத் தயாராக இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிட்டு, பர்தாவைப் போட்டுக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். பர்தாவில் இது ஒரு சவுகரியம். ராயபுரம் முழுக்க என்னைத் தெரியும், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு முகத்தை மூடிவிட்டால் ரஷீதே பக்கத்தில் வந்து நின்றாலும் தெரியாது.

ரோஸ்மேரி கடைசி வஞ்சிரத்தை வெட்டிக் கொடுத்தாள். அருவாமனையைக் கழுவிச் சாக்கில் சுற்றினாள். நேராக வெளியே இருக்கிற காசு கொடுத்துக் குளிக்கிற இடத்துக்குப் போனாள். பெண்கள் பக்கம்தான். சூப்பர்வைசரும் இல்லை, ரூமும் இல்லை. சரி, குளித்துவிட்டு அவனைப் பார்க்கப் போவாள் என்று காத்திருந்தேன். வெளியே வந்தவள் ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தாள். ஸ்டேஷன் என்றால் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

பிளாட்பாரத்தில் நிழல் விழுகிற பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி விட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். குடையோடு ஒருவன் வந்தான், இவன்தான் என்று நினைத்தேன். அவன் அடுத்த வண்டியில் ஏறிப் போய்விட்டான். வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்க்காதது நடிப்பு என்று முடிவு கட்டினேன். அவனும் போய்விட்டான். அவள் போனை எடுக்கவில்லை. எதையும் தின்னவில்லை. ஜெபமாலை உருட்டவில்லை. கும்மிடிப்பூண்டி வண்டி வந்தது, போனது. அரை மணி நேரம் இருக்கும். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

எனக்குச் சந்தேகம் போகவில்லை, கூடியது. யாராவது வந்திருந்தால் விஷயம் புரிந்திருக்கும். ஒருத்தனும் வரவில்லை என்றால் இது என்ன பெரிய திட்டமோ என்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் இஞ்ஞாசி கரைக்கு வந்தான். செசிலி அவன் கை கழுவுகிற வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டார்கள். மளிகைக்கடை அய்யாத்துரை அண்ணாச்சியைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். தெற்கத்திக்காரர். சந்தில் குழாய்ச் சண்டையிலிருந்து குடும்பச் சண்டை வரைக்கும் அவர்தான் தீர்த்து வைப்பார். அவர் கடையில் பாக்கி இல்லாத வீடு கிடையாது என்பதால் அவர் பேச்சை யாரும் தட்டுவதில்லை. நான் என் கடையைச் சாத்திவிட்டு முன்வரிசையில் போய் நின்றேன்.

ரோஸ்மேரி கதவோரம் நின்றாள். ஷெர்லின் அம்மா பக்கத்தில் நின்றாள். இஞ்ஞாசி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நேராக் கேக்குறேன். இனிமே காசிமேட்டுப் பக்கம் போறதா வேணாமான்னு இன்னிக்கே முடிவாவணும். எங்க குளிக்கிற, யார பாக்குற?"

"காசு குடுத்துக் குளிக்கிற எடத்துல குளிக்கிறேன். அப்பால டேஷன்ல போய் உக்காருறேன்" என்றாள் ரோஸ்மேரி.

"யார் கூட?"

"யார் கூடயும் இல்ல. சும்மா உக்காந்துகினு கீறேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். செசிலி முன்னால் வந்தாள். இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி இருந்தது.

"சும்மாவா? டேஷன் ஸ்டேண்டுல ஆட்டோ ஓட்டுற ஜெகதீசன் கண்ணால பாத்துக்கீறாரு. செவ்வாக்கெழம பர்தா போட்டுகினு ஒருத்தன் தூணுக்குப் பின்னால நின்னு அண்ணியவே பாத்துகினு இருந்தானாம். பொம்பள மாரி வேசம். ஆனா செருப்பு மட்டும் ஆம்பள சைஸு!"

எல்லோரும் ஓ என்றார்கள். இஞ்ஞாசி நிமிர்ந்தான், முகம் கறுத்துப்போயிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் கால் கொஞ்சம் பெரிது என்பது உண்மைதான். அதற்காக என்னை ஆம்பளையாக்கி, ரோஸ்மேரிக்குக் கள்ளப் புருஷனாகவும் ஆக்கிவிட்டார்களே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது நான்தான்மே!" என்று கத்தினேன். "நல்லாப் பாரு, இந்தச் செருப்புதான். எவன் வரான்னு பாக்கப் போனேன். ஒருத்தனும் வரல. அவ சொல்றது நெசம். சும்மாத்தான் உக்காந்துகினு இருந்தா."

இதோடு முடிந்திருக்க வேண்டும். வந்தவன் என்று அவர்கள் சொன்ன ஒரே ஆள் நான், அந்த நானே நேரில் நின்று சொல்கிறேன். ஆனால் செசிலி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அப்ப நீ இன்னாத்துக்கு அங்க காவலுக்கு நின்ன?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்களும் அதே கண்ணோடு என்னைப் பார்த்தார்கள். இரண்டு நிமிஷத்தில் கள்ளப் புருஷனிலிருந்து கூட்டாளியாகிவிட்டேன்.

"அரை மணி நேரம் ஒண்ணுமே பண்ணாம உக்காந்திருக்கேன்னு சொன்னா எவன் நம்புவான்?" என்றான் இஞ்ஞாசி. "வூட்டுல எடம் இல்லியா உக்கார?"

ரோஸ்மேரி அப்போதுதான் குரலை உயர்த்தினாள்.

"இல்ல. வூட்டுல உக்காந்தா கொழாயில தண்ணி வந்துடும், இல்லனா உன் தங்கச்சி வந்துடும். அங்க குனிஞ்சி வெட்டிகினே கீறேன், இங்க குனிஞ்சி தேச்சிகினே கீறேன். நடுவுல கொஞ்ச நேரம், இன்னா பண்றேன்னு ஒருத்தரும் கேக்காத எடத்துல உக்காரணும்னு தோணிச்சி. மீன் நாத்தத்தோட போய் உக்காந்தேன். கலீஜுன்னு மூக்கப் பொத்திகினு எழுந்து போனாங்க. அதான் குளிச்சிட்டுப் போறேன். அவ்ளோதான் கத."

"நைனா, கரைல கீற நாளெல்லாம் நீ சாங்காலம் கேரம் கிளப்புல உக்காந்துகினு கீறியே, அதுக்கு யார்னா நாற்காலி போட்டு விசாரிச்சாங்களா?" என்று கேட்டாள் ஷெர்லின்.

"நான் சும்மா உக்காந்துகினு இருப்பேன். அதுல இன்னா கீது விசாரிக்க?" என்றான் இஞ்ஞாசி.

ஒருவரும் சிரிக்கவில்லை. எவன் நம்புவான் என்று கேட்கவும் இல்லை. அவன் சொன்னதை அத்தனை பேரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

"பாப்பா, இந்தப் பெண்ணியம் பேசுததெல்லாம் ஆபீஸோட வச்சுக்கிடணும்" என்றார் அண்ணாச்சி. அது பெரிய வார்த்தை, எனக்கு அதைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் ஒருத்தி ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததற்கு ஊரைக் கூட்டிக் கணக்குக் கேட்கக் கூடாது என்பதற்குத்தான் அந்தப் பெயர் என்றால் நானும் அந்தக் கட்சிதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டே சொல்லியிருப்பேன். ஆனால் கூட்டாளி பேச்சை யார் காதில் வாங்குவார்கள்?

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. குடும்பம் உடையக் கூடாது என்று அவருக்கு உண்மையிலேயே அக்கறை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு வழி சொன்னார்.

"இங்க பாருங்கம்மா. மாதா கோயிலுக்குப் போறேன், வீட்டுக்காரர் கடல்ல இருக்கார்லா, அவருக்காக நவநாள் ஜெபம் சொல்லி வேண்டிக்கிடுதேன், அதான் குளிச்சுட்டுப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. எல்லாரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போவோம். முடிஞ்சு போச்சு."

இஞ்ஞாசி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்டினா சொல்டு மே" என்றான். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. செசிலிகூட ஒரு அடி பின்னால் போனாள்.

ஒரே ஒரு பொய். காசிமேட்டு வரிசையில் ஒரு இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் போகாவிட்டால் வேறொருத்தி அங்கே அருவாமனையைப் போட்டுவிடுவாள், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் திரும்பக் கிடைக்காது. சொல்லித் தொலையேன் என்று நான் கண்ணைக் காட்டினேன்.

"நான் கோயிலுக்குப் போல" என்றாள் ரோஸ்மேரி. "மாதா பேர்ல பொய் சொல்ல மாட்டேன். உனக்கோசரம் நான் வேண்டிக்கவும் இல்ல. எனக்கோசரம் உக்காந்தேன்."

இஞ்ஞாசி எழுந்து உள்ளே போனான். சாக்கில் சுற்றிய அருவாமனையை எடுத்துக்கொண்டு வந்தான். எதிர்வீட்டுக்குள் நுழைந்து தங்கையின் பரண் மேல் போட்டுவிட்டு வந்தான். "இனிமே வேலயும் வேணாம், டேஷனும் வேணாம்" என்றான். மகளைப் பார்த்து, "உன் ஆபீஸப் பத்தியும் யோசிக்கணும்" என்று சேர்த்துக்கொண்டான். நாற்காலிகளை மடக்கினார்கள். இஞ்ஞாசி கேரம் கிளப்புப் பக்கம் போனான். ஷெர்லின் அழுதாள். ரோஸ்மேரி அழவில்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு இஞ்ஞாசி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். இவள் சும்மா இருக்கப் போவதில்லை என்று அப்போதே சந்தேகப்பட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ரோஸ்மேரி குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். செசிலி ஜன்னலுக்கு ஓடினாள். ரோஸ்மேரி ஸ்டேஷன் பக்கம் திரும்பவில்லை. சந்து முனையில், என் கடைக்கு நேர் எதிரே இருக்கிற கேரம் கிளப்புக்குப் போனாள். எங்கள் சந்துப் பெண்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் முந்தானையை இழுத்துக்கொண்டு போகிற இடம் அது. உள்ளே நாலு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள், வெளி பெஞ்சில் ஏழெட்டுப் பேர். இஞ்ஞாசி ஸ்ட்ரைக்கரைக் குறி வைத்துக்கொண்டிருந்தான். ரோஸ்மேரி பெஞ்சில் ஓரமாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். காலை நீட்டிக்கொண்டாள்.

ஸ்ட்ரைக்கர் அப்படியே நின்றது.

"இன்னாமே?" என்றான் இஞ்ஞாசி.

"ஒண்ணுமில்ல. டேஷன்ல இன்னா பண்ணேன்னு கேட்டியே. இதான் பண்ணேன். நல்லாப் பாத்துக்க."

பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். அதற்குப் பக்கத்தில் இருந்தவனும் எழுந்தான். பெஞ்சு முழுக்கக் காலியாகிவிட்டது. அவள் ஒருத்தி மட்டும் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்டெய்னர் லாரிகள் போயின. உள்ளே ஆட்டம் நின்றுவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. நான் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எதுவும் செய்யவில்லை. செய்யாமல் இருப்பதைப் பார்க்க ஆண்களுக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அரை மணி நேரம் கழித்து எழுந்து வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாளும் வந்தாள். இந்தத் தடவை அவள் தெருவில் வரும்போதே பெஞ்சு காலியாகிவிட்டது. ஆடிக்கொண்டிருந்த சுப்புராஜ், கிளப்பை நடத்துகிறவன், வெளியே வந்து இஞ்ஞாசியைத் தனியாகக் கூப்பிட்டான். என் கடை வாசலில்தான் நின்று பேசினார்கள்.

"மாமு, பேஜாரா கீது. ஒரு வார்த்த கெட்ட வார்த்த பேச முடில, ஒரு பீடி இழுக்க முடில. அண்ணிய எங்கனா வேற எடத்துல உக்கார சொல்லு. டேஷன்ல உக்காந்துகினு இருந்துச்சாமே, அங்கயே உக்காரட்டும். யாருக்கு இன்னா நஷ்டம்?"

அன்றைக்கே இஞ்ஞாசி செசிலி வீட்டுப் பரணிலிருந்து அருவாமனையை இறக்கிக்கொண்டு வந்தான். விடியற்காலையில் ரோஸ்மேரி காசிமேட்டுக்குப் போனாள். அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாளாம், சண்டை போட்டுத்தான் எழுப்பினாளாம். வெயில் ஏறியதும் என் கடையைத் தாண்டிப் போனாள். சந்தன சோப்பு வாசனை வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு வாரம் சந்தில் ஒரு முணுமுணுப்பும் எழவில்லை. எதிர்வீட்டு ஜன்னல்கூடச் சாத்தியிருந்தது. எங்கள் சந்துக்கு இவ்வளவு நல்ல புத்தி வராதே என்று எனக்கு மறுபடி உறுத்தியது. விசாரித்தேன். இஞ்ஞாசி அடுத்த தடவை கடலுக்குப் போவதற்கு முன் டீக்கடை, கிளப், அண்ணாச்சி கடை என்று ஒரு இடம் விடாமல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவன் பெண்டாட்டி அவனுக்காக மாதா கோயிலில் நவநாள் வேண்டுகிறாளாம். கூச்சப்பட்டுக்கொண்டு அன்றைக்குக் கூட்டத்தில் மறைத்துவிட்டாளாம். அண்ணாச்சி அதைக் கேட்டுவிட்டு, "நான்தான் அப்பவே சொன்னேம்லா" என்றாராம்.

இதை ரோஸ்மேரியிடம் நானேதான் சொன்னேன். அவள் கை நீட்டி ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். கையை இழுத்துக்கொண்டாள். "நான் சாமிக்கோசரம் போகலன்னு எத்தினி தபா சொல்றது?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து செசிலி உள்ளே வந்தாள். அண்ணியைப் பார்த்ததும் முகமெல்லாம் பணிவு.

"அண்ணி, நாளைக்குப் போக சொல்லோ என் முட்டிவலிக்கும் சேத்து ஒரு மெழுகுவத்தி ஏத்திடேன்."

"செசிலி, நான் கோயிலுக்குப் போறதில்ல. டேஷன்ல சும்மா உக்காந்துகினு கீறேன்."

செசிலி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"பாத்தியாக்கா, இன்னா பக்தி! வெளிய சொல்லிக்கக்கூட மாட்டேங்குது."